பன்னிரண்டு வலது கைகள்

பாமா இதுவரை ஏழு படப் புத்தகங்கள் செய்திருக்கிறாள். கதையும் அவளுடையது, படமும் அவளுடையது. ஏழு புத்தகங்களுக்கும் ஏழு பதிவேடுகள். எந்தப் படத்தை எந்தத் தேதியில் தொடங்கினாள், எத்தனை முறை திருத்தினாள், எந்தத் திருத்தத்தில் எது மாறியது என்று எல்லாம் அவற்றில் இருக்கும். ஆறாவது புத்தகத்தில் ஓர் எருமையின் இடது கொம்பு மட்டும் பதினேழு முறை மாறியது. பதினேழு கொம்புகளும் உறைபோட்டு எண் எழுதி அலமாரியில் இருக்கின்றன.

இந்தப் பழக்கம் சிகந்தராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் வந்தது. அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் 1989 ஜூன் முதல் 2014 மார்ச் வரை அவள் குழாய்ப் பாதைகள் வரைந்தாள். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் குழாய் வால்வில் போய் உட்காராது. ஃபிட்டர் கையில் ஸ்பேனரோடு மாடியேறி வந்து, "இதை யார் வரைஞ்சது?" என்று கேட்பான். இருபத்தைந்து வருஷத்தில் அவளைத் தேடி அப்படி ஆள் வந்தது இரண்டு முறை. அந்த இரண்டு தேதிகளும் அவளுக்கு மனப்பாடம்.

பதிப்பகத்தில் அவள் புத்தகம் என்றால் வேலை குறைவு, பயம் அதிகம். எழுத்து எங்கே தொடங்க வேண்டும், ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும், அட்டையின் மஞ்சளில் சிவப்பு எத்தனை சதவீதம் என்றெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவாள். தமிழ் எழுத்துகளையும் கையாலேயே எழுதுவாள். எடிட்டர் சுப்ரியா ஒரு தடவை கேட்டேவிட்டாள்.

"அப்ப நாங்க எதுக்கு மேடம் இருக்கோம்?"

"அச்சடிக்க."

பாமாவின் வீடு போலாரத்தில், ரயில் நிலையத்திலிருந்து பதினோரு நிமிட நடை. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ராணுவத்தின் கட்டட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வாங்கிய வீடு. இப்போது அதில் அவளும் அண்ணன் தண்டபாணியும் மட்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. காரணங்கள் தனித்தனி.

தண்டபாணிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. காய்ச்சல் ஒன்பதாம் நாள் இறங்கியது. வலது கை அதன் பிறகு எழவே இல்லை. தோளிலிருந்து ஈரத் துணி மாதிரி தொங்கும். சட்டைப் பையிலோ பேண்ட் பையிலோ விட்டுக்கொள்வார். எழுதுவது, சவரம் செய்வது, சைக்கிளில் ஒற்றைக் கையால் பிரேக் பிடிப்பது, சாப்பிடுவது எல்லாம் இடது கையால்தான். 1988 முதல் 2007 வரை போலாரம் கடைத்தெருவில் தொலைபேசி பூத் வைத்திருந்தார். மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டினால் சில பேர் வாங்கமாட்டார்கள். அதனால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு நகர்த்துவார். "கிண்ணத்துக்கு ரெண்டும் சோத்துக்கைதான்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பாமா மட்டும் சிரித்ததில்லை.

அவள் சிரிக்காததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணம். 1979 செப்டம்பர் 2. சிகந்தராபாத்தில் பெரியப்பா மகள் கல்யாணம். முதல் பந்தியில் பன்னிரண்டு இலைகள் கொண்ட வரிசையில் கடைசி இலை தண்டபாணிக்கு. அவருக்கு வயது பதினைந்து. பதினோராவது இலையில் பதினோரு வயது பாமா. சாம்பார் முடிந்து ரசம் வரும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எதையோ சொல்ல, சித்தப்பா வந்து தண்டபாணியின் தோளைத் தொட்டார். "டேய், அவங்க எல்லாம் பாக்கறாங்க. பின்னால போய் உக்காந்து சாப்பிடு, போ." அண்ணன் இலையை ஒற்றைக் கையால் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். பாமா எழுந்திருக்கவில்லை. பாயசம் வந்தது. இரண்டு கரண்டி வாங்கிக் குடித்தாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட.

ஏழாவது புத்தகம் அந்தப் பந்திதான். பெயர் 'பன்னிரண்டாவது இலை'. 2020 ஜூலையில் தொடங்கி முப்பத்தொரு மாதம் வரைந்தாள். ஒரு பையன் விடிந்ததும் குளித்து, சட்டை மாட்டி, பஸ் ஏறி, கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறான். அவ்வளவுதான் கதை. அவனை யாரும் எழுப்பவில்லை என்பதுதான் விஷயம். பதினான்காம் பக்கத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோரு பேர் வலது கையை இலையில் வைத்தபடி திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். அவன் இடது கையால் சோற்றைப் பிசைகிறான். கீழே ஒரே வரி: 'பன்னிரண்டாவது இலைக்கும் பாயசம் வந்தது.'

படம் சொல்வதை எழுத்து சொல்லக்கூடாது என்பது அவள் வைத்திருக்கும் விதி. அதனால் முப்பத்திரண்டு பக்கத்தில் 'கை' என்ற சொல் ஓர் இடத்தில்கூட வராது. எந்தக் கை என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு, தமிழ்ப் புத்தகம் வந்தது. முதல் பிரதியை அண்ணனிடம் கொடுத்தாள். "ஒரு கோடுகூடப் பொய் இல்லண்ணா." தண்டபாணி ஒரு தடவை புரட்டினார். பதினான்காம் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

"நல்லா இருக்கு. ஆனா மூக்கு எனக்கு இவ்ளோ பெரிசா?"

பிறகு அதை டிவி மேலே இருந்த தட்டில் செருகி வைத்தார். செப்டம்பரில் தூசி தட்டும்போது அது வைத்த இடத்திலேயே இருந்தது. தீபாவளிக்கும் அங்கேயே இருந்தது.

இதற்கிடையில் அக்டோபர் 17ஆம் தேதி சுப்ரியா போனில் கூப்பிட்டாள். ஓர் அறக்கட்டளை உருது மீடியம் பள்ளிகளுக்குப் படப் புத்தகம் கொடுக்கிறது. பன்னிரண்டாவது இலையைக் கேட்கிறார்கள். போலாரத்திலேயே இருக்கும் நூர் முகமது என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் மொழிபெயர்ப்பார்.

"ஒரே ஒரு பிரச்சினை மேடம். உருது வலமிருந்து இடமாப் போகும். புத்தகமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் திறக்கும். உங்க பையன் இடப்பக்கத்திலிருந்து நடந்து வர்றான். உருதுல பார்த்தா அவன் கல்யாணத்துக்குப் போகாம திரும்பி வர்ற மாதிரி இருக்கும்."

"படத்தைத் திருப்பிப் போட்டுடலாம்" என்றாள் பாமா உடனே.

அவளுக்கு அது புதிதில்லை. தொழிற்சாலையில் இரண்டு கொதிகலன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றின் குழாய்ப் பாதை மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஒன்றை வரைந்து, டிரேசிங் தாளைப் புரட்டிப் போட்டுப் பிரதி எடுப்பார்கள். எழுத்துகளை மட்டும் நேராக எழுதிக்கொண்டால் போதும். புத்தகத்துக்கும் அவள் டிரேசிங் தாளில்தான் வரைவாள். பின்பக்கம் பென்சில், முன்பக்கம் மசி. முப்பத்தொரு மாதமும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள்.

"திருப்பின படங்களை நூர் சாரும் ஒரு தடவை பார்க்கட்டுமா மேடம்?"

"அவர் உருதுவைப் பார்க்கட்டும். படத்தை நான் பார்த்துக்கறேன். படத்துல யாரும் கை வைக்க வேண்டாம்."

திருப்பிய படங்களின் அச்சுப் பிரதி 2024 ஜனவரி 2ஆம் தேதி கூரியரில் வந்தது. பாமா எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டாள். பஸ் எண். கடைப் பலகை. மண்டபத்துக் கடிகாரம். ஏழு பெண்களின் புடவைத் தலைப்பு வலது தோளுக்குப் போயிருந்தது, இடது தோளுக்கு வர வேண்டும். ஆண்களின் சட்டைப் பொத்தான். மொத்தம் 43 இடங்கள். வரிசை எண் 23 இப்படி இருந்தது: 'ப. 14. பந்தி. சாப்பிடும் கை. 12 பேர். எல்லாம் வலது.'

ஜனவரி 9, 10, 11 மூன்று நாளும் அந்தக் கைகளுக்கே சரியாக இருந்தது. படம் திரும்பியதில் பந்திக்காரர்கள் அத்தனை பேரும் பீச்சாங்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையாகத் தாள் போட்டு மறுபடி வரைந்தாள். பதினோரு கை முடிந்தது. பன்னிரண்டாவதுக்கு வந்தபோது அது ஏற்கெனவே வலது கையாக இருந்தது. ஒரு கை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பென்சில் முனையால் எண்ணினாள். எல்லாம் வலது. எண் 23க்கு எதிரே டிக் போட்டாள்.

ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, காலை 11.40க்கு முப்பத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, உருதுப் புத்தகம் பத்துப் பிரதி பார்சலில் வந்தது. காலையில் பாமா வங்கிக்குப் போயிருந்தாள். தண்டபாணிதான் பிரித்தார். மதியம் ஒன்று பத்துக்கு அவள் ரசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவர் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். பதினான்காம் பக்கம். பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க அதன் மேல் இடது உள்ளங்கையை அழுத்தியிருந்தார். அவர் விரல்களுக்குப் பக்கத்தில் படத்துப் பையனின் விரல்கள்.

பாமா கிண்ணத்தை மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, கையை எடு."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"எடுண்ணா."

எடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள். டிவி மேலிருந்து தமிழ்ப் புத்தகத்தை உருவி வந்து பக்கத்தில் விரித்தாள். தமிழில் இடது. உருதுவில் வலது. உருதுப் புத்தகத்தில் முன்னால் புரட்டினாள். வாளி தூக்கும் கை, வலது. பஸ் கம்பியைப் பிடிக்கும் கை, வலது. இடது கை பையில் செத்துக் கிடந்தது. எண்ணிக்கொண்டே போனாள். ஒன்பது இடம்.

"நீ பாக்கலையாண்ணா?"

"பாத்தேனே. காலையில பார்சல் பிரிச்சதும் பாத்தேன்."

"சொல்லலையே!"

"நீ வேணும்னுதான் பண்ணியிருக்கேன்னு நெனச்சேன்" என்றார் தண்டபாணி. "நீ எதைத்தான் வேணும்னு பண்ணாம இருந்திருக்கே?"

பாமா பதிவேட்டை எடுத்து எண் 23ஐப் பார்த்தாள். எல்லாம் வலது. அவள் கையெழுத்து. அவள் டிக். பந்தியில் ஒருவன் மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முப்பத்தொரு மாதம். அந்த ஒருவனையும் சேர்த்து எண்ணி, சரி என்று டிக் போட்டவளும் அவளே. சித்தப்பாகூட அன்று யாரோ சொல்லித்தான் எழுப்பினார். இவள் யாரும் சொல்லாமலே அவனைப் பந்தியிலிருந்து எடுத்துவிட்டாள்.

சுப்ரியாவைக் கூப்பிட்டாள். ரசம் ஆறிப்போயிற்று.

"நிறுத்துங்க. ஒரு புத்தகம் வெளியே போகக்கூடாது."

"மேடம், ஆயிரத்து இருநூறு அடிச்சோம். தொள்ளாயிரம் நேத்தே பள்ளிக்கூடங்களுக்குப் போயிடுச்சு. உப்பல் கோடவுன்ல முந்நூறுதான் இருக்கு. திங்கட்கிழமை அதுவும் போகுது. என்ன ஆச்சு மேடம்?"

பாமா சொன்னாள். எதிர்முனையில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அய்யோ ஆமா" என்றாள் சுப்ரியா. பிறகு மெதுவாக, "ஆனா மேடம், தெரியாதவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே. கதை அப்படியே ஓடுது."

அதுதான் பாமாவுக்குத் தாங்கவில்லை. எழுத்தில் எங்காவது ஒரு 'கை' வந்திருந்தால் நூர் முகமது மொழிபெயர்க்கும்போதே மாட்டியிருக்கும். வரக்கூடாது என்று விதி போட்டவளும் அவள்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நூர் முகமதுவின் வீட்டுக்குப் போனாள். எழுபத்திரண்டு வயது. திருத்தமான வெள்ளைத் தாடி. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உருது படிக்கத் தெரியாது. ஆனால் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர் பேசும் தக்கனி உருது அவளுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. அவரும் வேண்டிய இடத்தில் தமிழ் கலப்பார்.

"வாங்க பஹன், வாங்க தங்கச்சி. நானே வரணும்னு இருந்தேன். புத்தகம் பாத்தீங்களா? காகிதம் எவ்வளவு நல்லா இருக்கு!"

"மாஸ்டர் சாப், அந்தப் பையன் கை…"

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "அதைத்தான் சொல்ல வந்தேன். அச்சுக்கு முன்னாடி எழுத்துப் பிழை பாக்கும்போதே பாத்தேன். தமிழ்ல இடது கை, இதுல வலது கை. என் பேத்திகிட்ட சொன்னேன், பாரு, நம்ம பசங்களுக்கு வலது கையாலதான் சாப்பிடணும்னு சொல்லித் தருவோம்னு அந்தம்மா யோசிச்சு, நமக்காக அத்தனை படத்தையும் மாத்தியிருக்காங்கன்னு. இந்த மாதிரி மரியாதையை இப்பல்லாம் யார் செய்யறாங்க? என் மனசு நிறைஞ்சுபோச்சு, பஹன்."

பாமா வாயைத் திறந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் யோசிச்சு மாத்தல சாப்" என்றாள் கடைசியில். "தப்பா ஆயிடுச்சு."

அவர் சிரித்தார். "ஹவ், ஹவ், ஆமாமா. பெரியவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டாவது தடவை சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. தேநீரைக் குடித்தாள். மறுநாள் பக்கத்து உருது மீடியம் பள்ளியில் புத்தகத்தை வாசிக்கப்போவதாகவும் அவளும் வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். வருகிறேன் என்றாள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம்.

அன்று மாலைக்குள் ஒன்பது கைகளையும் சரியாக வரைந்தாள். ஒன்பது சிறு ஒட்டுத் தாள்கள். பெரியது நான்கு சென்டிமீட்டர், சிறியது ஒன்றரை. அவற்றை ஓர் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை பள்ளிக்குப் போனாள்.

மூன்றாம் வகுப்பு. முப்பத்தாறு பிள்ளைகள். நூர் முகமது வாசித்தார். பதினான்காம் பக்கம் வந்ததும் நிறுத்தி, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"சொல்லுங்க பார்ப்போம். எல்லாரும் இவனை எதுக்குப் பாக்கறாங்க?"

"ரெண்டாவது லட்டு எடுத்துட்டான்!"

"போடா. அவன் சட்டைதான் நல்லா இருக்கு, அதான் பாக்கறாங்க."

"அவன் மாப்பிள்ளையோட தம்பி!"

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி எழுந்து நின்றாள். "அவனுக்கு ரொம்பப் பசி. வேகமா சாப்பிடறான். என் தம்பியும் அப்படித்தான். எல்லாரும் பாப்பாங்க."

பாமா எழுந்தாள். பைக்குள் உறையைப் பிடித்திருந்தாள். "இந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு" என்றாள் அவர்கள் பேச்சில். "கண்டுபிடிங்க பார்ப்போம்."

முப்பத்தாறு தலைகள் முன்னால் குவிந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பாயசம் போடறவர்கிட்ட கரண்டி இல்ல!"

பாமா வாங்கிப் பார்த்தாள். பாயச வாளியோடு நிற்கும் ஆளின் ஒரு கை வாளியில் இருந்தது. மற்ற கை வெறுமனே நீண்டிருந்தது. கரண்டி இல்லை. தமிழிலும் இல்லை என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பன்னிரண்டு திருத்தம் செய்த படம். ஒன்றிலும் கரண்டி இருந்ததில்லை.

"எப்படிப் போடுவார்? கையாலயா?" என்று ஒரு குரல். வகுப்பே உருண்டு சிரித்தது. வகுப்பு ஆசிரியை அதட்டினார், அவரும் சிரித்தபடி. பையனின் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாமா உறையைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் முந்நூறு பிரதிகள் இன்னும் உப்பலில் இருந்தன. வெள்ளியும் சனியும் அவள் ஒட்டுகளைப் பிரதி எடுத்து, ஒரே அளவாக வெட்டி, பசைத்தாள் வாங்கி அடுக்கினாள். ஞாயிறு காலை, மார்ச் 10, மேஜை முழுக்கக் குட்டிக் குட்டி இடது கைகள். தண்டபாணி குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு நின்று பார்த்தார்.

"இன்னா பாமா இது, கசாப்புக் கடை மாதிரி."

"முந்நூறு புத்தகம். ஒண்ணுக்கு ஒன்பது. ரெண்டாயிரத்து எழுநூறு ஒட்டு. ஒரு ஒட்டுக்கு நாப்பது செகண்டு. முப்பது மணி நேரம். சுப்ரியாகிட்ட ரெண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னா புதன்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

"முடிச்சு?"

"சரியாயிடும்."

"யாருக்கு?"

தண்டபாணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஓர் ஒட்டை எடுத்துத் தன் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"நக்கோ பாமா. ஒட்டாதே."

"அண்ணா, இது உன் கை."

"என் கைதான். நல்லா வரைஞ்சிருக்கே. நரம்புகூடத் தெரியுது." ஒட்டைத் திரும்ப வைத்தார். "உன் தமிழ்ப் புஸ்தகத்துல பதினோரு பேர் என்னைப் பாக்கறாங்க. எதுக்குப் பாக்கறாங்கன்னு படிக்கறவன் ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் படிச்சாரே, பதினாலாம் பக்கம் வந்ததும் தலையைத் தூக்கி என் கையைப் பாத்தார். அப்போ நான் பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன். அறுபது வயசு ஆவப்போவுது. இனிமே புஸ்தகத்துலயும் பாக்கணுமா?"

"யாரும் உன்னை எழுப்பலண்ணா. அதைத்தான் வரைஞ்சேன்."

"தெரியுது. இந்த உருதுப் புஸ்தகத்துலயும் பதினோரு பேர் பாக்கறாங்க. ஆனா எதுக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. லட்டு எடுத்தான்றான், சட்டைன்றான், நீதானே வந்து சொன்னே. இருந்துட்டுப் போவட்டுமே."

"அது நீ இல்லையே."

"இல்லதான்" என்றார் தண்டபாணி. "அதான் புடிச்சிருக்கு."

பாமா ஒட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து அடுக்கினாள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். அடுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு நான் எழுந்து வரலண்ணா."

"என்னிக்கு?"

"பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல. நீ இலையை எடுத்துட்டுப் போனப்ப. நான் அங்கேயே உக்காந்து பாயசம் குடிச்சேன். ரெண்டு கரண்டி."

தண்டபாணி துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு கரண்டிகூட வரல" என்றார். "நல்லா இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப சரி. ரெண்டு பேர்ல ஒருத்தராவது குடிச்சோம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவர் எழுந்து போய் உருதுப் புத்தகத்தைத் தன் கட்டில் பக்கத்து ஸ்டூலிலிருந்து எடுத்து வந்தார். அது அங்கே இருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி உறையைப் பதினான்காம் பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்தார். உருதுவில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர்.

"இதுல மட்டும் ஒட்டிடாதே" என்றார். "மத்ததை நீ உன் இஷ்டப்படி பண்ணிக்கோ. உன் புஸ்தகம்."

மற்றதை ஒட்டுவதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணம் அவர்தான். அவர் கட்டிலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு பாமா சுப்ரியாவுக்குச் செய்தி எழுதினாள். 'முந்நூறும் போகலாம்.' அனுப்புவதற்கு முன் அழித்தாள். 'இரண்டு நாள் பொறுங்கள்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு முதல் வரியை மறுபடி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். உடனே சுப்ரியாவிடமிருந்து கட்டை விரல் ஒன்று வந்தது. அது வலது கையா இடது கையா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டுகளை உறையில் போட்டுப் பசையால் மூடினாள். பதிவேட்டைத் திறந்து, 'திருத்தக் கைகள், 9 வகை, 2,700' என்று எழுதினாள். தேதி எழுதினாள். கடைசிப் பத்தியின் தலைப்பு 'பயன்பட்ட இடம்'. அந்தக் கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். ஏழு பதிவேடுகளிலும் அந்தப் பத்தியில் காலிக் கட்டம் கிடையாது. எழுத ஒன்றும் இல்லை. பேனாவை மூடினாள்.

ஒன்று பத்துக்கு தண்டபாணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "பாமா! சோறு வடிச்சாச்சு. அப்பளம் பொரிச்சுட்டேன். வா."

எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஐம்பத்தைந்து வருஷமாக அப்படித்தான். அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டு சோற்றைப் பிசையத் தொடங்கினார். பாமா தன் தட்டைப் பார்த்தே சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் கவளத்தை எடுக்கும்போதே அவள் கண் எதிர்த் தட்டுக்குப் போய்விட்டது. சுட்டுவிரல் எப்படி மடங்குகிறது, கட்டை விரல் சோற்றை எந்த இடத்தில் தள்ளுகிறது. முப்பத்தொரு மாதம் பார்த்த கை.

"அப்பளம் நமுத்துப்போவுது" என்றார் தண்டபாணி, தலை நிமிராமல்.

"ம்" என்றாள் பாமா. பார்வையை எடுக்க முயன்றாள். அவளால் முடியவில்லை.